புகார் சொன்ன குடும்பம் கோவிலில் எங்கே உட்காரும்?

வட சென்னைப் பங்குகளின் பேரவை உறுப்பினர்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும்



மும்பை கோவண்டியின் சிவாஜி நகரில் 2015ஆம் ஆண்டு 13 வயதுச் சிறுவன் ஒருவன் தன் பங்குக் குருவாலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானான். குடும்பத்தார் பேராயராக இருந்த கர்தினாலிடம் போய் முறையிட்டார்கள். அன்றிரவே அவர் உரோமைக்குப் புறப்பட வேண்டியிருந்தது. துணை ஆயரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். காவல் நிலையப் படியேறியது அந்தக் குடும்பம்தான். ஆறு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2021 டிசம்பரில் போக்சோ சிறப்பு நீதிமன்றம் அந்தக் குருவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. செய்தி வெளியானபோது கர்தினால் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பதையே எல்லோரும் விவாதித்தார்கள். அந்த விவாதம் தேவையானது. ஆனால் அதே குடும்பம் பிபிசியிடம் சொன்ன இன்னொரு செய்தியை நம்மில் பலர் கவனிக்கவில்லை. புகார் கொடுத்த பிறகு கோவிலுக்குப் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருப்பலியில் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். கடைசியில் அந்தக் கோவிலைவிட்டே அவர்கள் விலக நேர்ந்தது. எழுந்து போனவர்கள் ஆயர்களோ குருக்களோ அல்லர். உங்களையும் என்னையும் போன்ற பொதுநிலையினர். நாள்தோறும் செபமாலை சொல்பவர்கள், சந்தா பாக்கி வைக்காதவர்கள், நல்லவர்கள்.

அதனால்தான் இந்த மடலை ஆயருக்கோ பங்குத்தந்தையருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நம் பங்குகளில் பிள்ளைகளும் பெண்களும் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்ற கேள்விக்கு மேலிடத்துச் சுற்றறிக்கை பாதி விடைதான் தர முடியும். மீதிப் பாதி, புகார் சொல்லும் குடும்பத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் எப்படி நடத்துவோம் என்பதில் இருக்கிறது. வாயைத் திறந்தால் எதை இழப்போம் என்று ஒவ்வொரு தாயும் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். அந்தக் கணக்கின் விடையை மாற்றும் சக்தி, பங்கு வாழ்வைத் தினமும் கையில் வைத்திருக்கும் உங்களிடமே உள்ளது.

சட்டம் இல்லாததால் நாம் தடுமாறுகிறோம் என்று சொல்ல வழியில்லை. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயது நிறையாத ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது. தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு; தனக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அந்த நிறுவனத்துப் பிள்ளையிடம் செய்யும் குற்றத்தைச் சட்டம் கடுங்குற்றமாகத் தனியே வகைப்படுத்துகிறது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பெரும்பாலும் குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சியே என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. திருச்சபையின் பக்கம் பார்த்தாலும் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட 'வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி' என்ற சட்டம், ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் மக்கள் எளிதில் அணுகக்கூடிய புகார் அமைப்பு இருந்தாக வேண்டும் என்றது. 2023இல் அது நிலையான சட்டமாகவே ஆகிவிட்டது. அதன் 4ஆம் பிரிவை நீங்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். புகார் சொன்னவருக்கு எதிராகப் பழிவாங்கலோ பாகுபாடோ கூடாது, பேசாமல் இருக்கும்படி அவரைக் கட்டுப்படுத்தவும் கூடாது என்கிறது அது. கோவண்டியில் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து போனவர்கள் செய்ததும் ஒருவகைப் பழிவாங்கல்தான். அவர்களுக்கு அது அப்படித் தோன்றியிருக்காது, அவ்வளவே.

இத்தனை சட்டம் இருந்தும் வாய் ஏன் திறக்கவில்லை? நம் பகுதியின் வாழ்க்கையில் இதற்கு விடை தேடுவோம். தென் சென்னையின் அடுக்குமாடிக் கத்தோலிக்கருக்குக் கோவில் என்பது வாரத்தில் ஒரு மணி நேரம். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அப்படியில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பங்குக் கடிதம் வேண்டும். கட்டணத்தில் சலுகை கேட்கப் பங்குத்தந்தையின் கையெழுத்து வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வரும்போது, வின்சென்ட் தே பவுல் சபை தரும் அரிசியில் அடுப்பெரியும் வீடுகள் உண்டு. மகளுக்குத் திருமணம் நிச்சயமானால் கோவிலில் திருமண ஓலை வாசிக்க வேண்டும், திருமுழுக்குச் சான்று வேண்டும். வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் அடக்கத்துக்குக் கடிதம் வேண்டும், கல்லறையில் இடம் வேண்டும். பிறப்பிலிருந்து இறப்புவரை ஒரு குடும்பத்தின் முக்கியமான தேவைகள் எல்லாம் ஒரே அலுவலக மேசையைத் தாண்டித்தான் போகின்றன. இந்த உறவில் பாசம் இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது, நூற்றாண்டுகளின் வரலாறு இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சார்ந்து வாழ்பவர் புகார் சொல்லத் தயங்குவார் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பள்ளி இடம் போய்விடுமோ, சலுகை நின்றுவிடுமோ, மூத்தவள் கல்யாணத்தில் சிக்கல் வருமோ என்ற பயத்தை யாரும் வெளிப்படையாக மிரட்டி உண்டாக்க வேண்டியதில்லை. பேரவை உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “எதுக்கும்மா இதெல்லாம், பெரிசு பண்ணாதீங்க” என்று அன்பாகச் சொன்னாலே போதும்.

அந்தப் பயம் எந்த எல்லை வரை போகும் என்பதற்குக் கேரளத்தின் கொட்டியூர் சான்று. அங்கே பங்குக் குரு பள்ளியின் மேலாளராகவும் இருந்தார். 16 வயது மாணவி ஒருத்தி குழந்தை பெற்றாள். 2017 பிப்ரவரியில் செய்தி வெளியே வந்தபோது, பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள முன்வந்தவர் அந்தப் பெண்ணின் தந்தையே. பெற்ற மகளைக் கெடுத்தவன் என்ற பட்டத்தை ஒரு மனிதர் சுமக்கத் தயாராக இருந்தார் என்றால், அவர் எதற்கு அவ்வளவு அஞ்சினார் என்று நாம் கேட்க வேண்டும். விசாரணையில் பெண்ணும் பெற்றோரும் பிறழ்சாட்சியம் சொன்னார்கள். மரபணுச் சோதனைதான் உண்மையைச் சொன்னது. 2019 பிப்ரவரியில் தலசேரி நீதிமன்றம் குருவுக்கு 20 ஆண்டு தண்டனை விதித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அதை 10 ஆண்டாகக் குறைத்தது. இந்த விவகாரத்தை வெளிக்கொண்டுவந்தது பங்குச் சமூகம் அன்று. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன ஓர் அழைப்பு. ஒரு பங்கு முழுவதும் கட்டிக் காத்த மௌனத்தைத் தொலைபேசி அழைப்பு ஒன்று உடைத்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவைக்க வேண்டும். இது குருக்களுக்கு எதிரான மடல் என்று யாராவது வாசித்தால், பாதி ஆபத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. பிரான்சு நாட்டில் ஆயர்களே கேட்டுக்கொண்டதன்பேரில் அமைக்கப்பட்ட சோவே ஆணையம் 2021 அக்டோபரில் தந்த அறிக்கை, 1950 முதல் குருக்களாலும் துறவியராலும் பாதிக்கப்பட்ட சிறார் சுமார் 2,16,000 பேர் என மதிப்பிட்டது. திருச்சபை நிறுவனங்களில் பணிசெய்த பொதுநிலையினரால் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்த்தபோது அது 3,30,000 ஆயிற்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மறைக்கல்வி ஆசிரியர், பாடகர் குழுத் தலைவர், விடுதிக் காப்பாளர், இளையோர் வழிகாட்டி போன்ற நம்மவர் கணக்கில் வருகிறது. நம் நாட்டில் மகளிர் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 சிறாரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கும் மேல் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்துவிட்டு, “பையன்தானே, அவனுக்கென்ன” என்று இரவு பத்து மணிக்குக் கேரல் சுற்றுக்கு அனுப்பும் நம் வழக்கத்துக்கு இந்த எண் ஓர் எச்சரிக்கை. அத்துமீறியவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்குப் பழக்கமானவர்கள் என்பதை அதன் பிறகு வந்த குற்ற ஆவணங்களும் ஆண்டுதோறும் காட்டுகின்றன. 2018இல் அயனாவரத்தில், காவலாளி நிற்கும் அடுக்குமாடி வளாகத்துக்குள், செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு நடந்த கொடுமையில் கைதான 17 பேரும் அந்த வளாகத்திலேயே வேலை பார்த்தவர்கள். 15 பேர் குற்றவாளிகள் என 2020இல் தீர்ப்பாயிற்று. சுற்றுச்சுவர் இருக்கிறது, தெரிந்த முகங்கள்தான் இருக்கின்றன என்ற நிம்மதி நம் கோவில் வளாகங்களிலும் நிறையவே உண்டு.

வட சென்னையில் கோவில் வளாகம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய வரம் என்பது எனக்குத் தெரியும். துறைமுகத்தில் இரவு முறைக்குப் போகும் தந்தை, விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கிளம்பும் தாய், வாசலை ஒட்டிக் கன்டெய்னர் லாரிகள் ஓடும் தெரு, ஒரே அறையில் ஐந்து பேர். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு ஓடியாட ஒரு மைதானம், மாலையில் டியூஷன், பாட்டுக்குழு, பீடச் சிறுவர் அணி, மே மாத விடுமுறை விவிலியப் பள்ளி, ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை எல்லாவற்றையும் பங்குதான் தருகிறது. வியாசர்பாடியில் மந்தோவானி அடிகளார் தொடங்கிய பியாடிட்யூட்ஸ் நிலையம் ஏழைகளுக்குச் செய்ததை அந்தப் பகுதியில் எந்த மதத்தவரும் மறுக்க மாட்டார்கள். இந்தக் கதவுகள் எதுவும் மூடப்படக் கூடாது. பெற்றோர் கூட வர முடியாத நேரங்களில் பிள்ளைகள் நம் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதால்தான் நமக்குக் கூடுதல் கடமை. வசதியான வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போகக் கார் வந்து நிற்கும். நம் பிள்ளைகளில் பலர் தனியாக நடந்து வருகிறார்கள், தனியாகத் திரும்புகிறார்கள்.

இனி நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். “திருச்சபைக்குள்ளேயே தீர்த்துக்கொள்வோம், ஆயரிடம் சொல்லி மாற்றல் வாங்கிவிடுவோம்” என்பது முதலாவது, எல்லாவற்றிலும் பழையதும்கூட. பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் இதைத்தான் செய்தார்கள். புகார் வரவர ஒரு குருவைப் பங்கு மாற்றிப் பங்கு அனுப்பினார்கள். 2002இல் அந்த நகரத்து நாளிதழ் அதை வெளிப்படுத்தியபோது நூற்றுக்கு மேற்பட்டோர் அந்த ஒரே மனிதரால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அந்நகரின் கர்தினால் பதவி விலகினார். நமக்கு மிக அருகிலும் ஒரு வரலாறு உண்டு. ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குரு, அமெரிக்காவின் மினசோட்டாவில் பணிசெய்தபோது பதின்வயதுப் பெண்ணிடம் அத்துமீறியதை 2015இல் அந்நாட்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனைக்குப் பிறகு இந்தியா திரும்பினார். 2016 தொடக்கத்தில், உரோமையைக் கலந்து, அவர்மீதான பணித்தடையை மறைமாவட்டம் விலக்கிக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் இதைக் கேட்டு எழுப்பிய குரல் உலகம் முழுதும் கேட்டது. தமிழ்நாட்டுப் பங்குப் பேரவைகளில் அது பேசப்பட்டதாக நினைவில்லை. மாற்றல் என்பது ஆபத்தை ஒழிப்பதில்லை. நம் பிள்ளையைக் காத்து, முன்பின் தெரியாத வேறொரு கடற்கரைப் பங்கின் பிள்ளையை முன்னே தள்ளிவிடுகிறது. இதைத் தெரிந்தே செய்வது பாவம் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கொள்கிறோம் என்ற பேச்சை நம் மக்கள் வேறு யார் சொன்னாலும் ஏற்பதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய மீனவர்கள் மறுநாளே ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். சிக்கலைச் சரிசெய்துவிட்டோம் என்று நிறுவனம் சொன்னதோடு அவர்கள் எழுந்து போகவில்லை. வெளியார் வந்து ஆராய வேண்டும், அறிக்கை வெளியிட வேண்டும் என்றார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே மாதம் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும் இதே உறுதியைப் பார்த்தோம். குற்றம் சாட்டப்பட்டவரே விசாரணை அதிகாரியாக இருக்கக் கூடாது என்ற அறிவு இந்தக் கடற்கரையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் இருக்கிறது. அந்த அறிவைக் கோவில் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட வேண்டும் என்று எந்த மறையுரையும் சொல்லவில்லை.

இரண்டாவது மறுப்பை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். “நாம் சிறுபான்மை. நம்மை அடிக்கக் கோல் தேடுபவர்களுக்கு நாமே கோல் எடுத்துக் கொடுப்பதா?” என்கிறீர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6 விழுக்காடு. 2022 சனவரியில் தஞ்சை மைக்கேல்பட்டி மாணவி ஒருத்தியின் துயர மரணம் எப்படி மதமாற்ற அரசியலாக உருட்டப்பட்டது என்பதை நாம் பார்த்தோம். ஆகவே அந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. ஆனால் கொட்டியூரையும் கோவண்டியையும் மறுபடி எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சிகள் நாள்கணக்கில் பேசியது ஒரு மனிதர் செய்த குற்றத்தை மட்டுமா? மறைத்தார்கள், மிரட்டினார்கள், ஒதுக்கிவைத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான். முதல் நாளே பேரவை காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் செய்தி ஒரு குற்றவாளியைப் பற்றியதாக முடிந்திருக்கும். மறைத்ததால் அது திருச்சபை முழுவதையும் பற்றியதாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. சமூகத்தின் மானம் காக்க ஒரு பிள்ளை வாய்மூடி இருக்க வேண்டும் என்று நாம் கேட்கும்போது, நம் பாதுகாப்புக்கான விலையை நம்மிலேயே மிக எளியவரிடம் வசூலிக்கிறோம். அதற்கு எந்த அரசியல் சூழலும் நியாயம் ஆகாது.

“பொய்ப் புகாராக இருந்தால்?” என்பது மூன்றாவது. நல்ல குரு ஒருவரின் பெயர் ஒரே நாளில் நாசமாகிவிடுமே என்ற கவலையில் உண்மை இருக்கிறது. நம் விவிலியமே இதற்கு வழி சொல்கிறது. தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவின் வரலாறு கத்தோலிக்கரான நம் விவிலியத்தில் இருக்கிறது. தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று அதைத் திருப்பலியில் வாசிக்கிறோம். அங்கே அத்துமீற முயன்றவர்கள் மக்கள் மதித்த இரு மூப்பர்கள், நீதிபதிகள். சபை அவர்கள் சொன்னதை ஏன் நம்பியது? மூப்பர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக. சூசன்னாவைக் கொல்லக் கொண்டுபோகும் நேரத்தில் இளைஞன் தானியேல் குறுக்கே வந்து கேட்டது ஒன்றுதான்: விசாரிக்காமலா தீர்ப்புச் சொன்னீர்கள்? இருவரையும் தனித்தனியே வைத்துக் கேள்வி கேட்டான். முரண்பாடு வெளிப்பட்டது, குற்றமற்றவள் பிழைத்தாள். பொய்ப் பழியிலிருந்து ஒருவரைக் காப்பதும் பெரியவர் செய்த குற்றத்தை வெளிக்கொணர்வதும் ஒரே செயலால் நடந்தன. அந்தச் செயலின் பெயர் நேர்மையான விசாரணை. போக்சோ சட்டத்திலும் கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் தரும் பெரியவருக்குத் தண்டனை உண்டு. விசாரணை முடியும்வரை ஒருவரைச் சிறார் பணியிலிருந்து விலக்கி வைப்பது தீர்ப்பு ஆகாது என்பதையும் நாம் பழக வேண்டும். குற்றமற்ற குருவுக்கு உண்மையான காப்பு, எல்லோர் கண்ணிலும் படும்படியான ஒழுங்குமுறைதான். முணுமுணுப்பில் கிடக்கும் சந்தேகம் அவரை ஆயுள் முழுதும் துரத்தும்.

குருவைப் பேசினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயப்படும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறியவரை இடறச் செய்பவரின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டுவது பற்றி ஆண்டவர் பேசினாரே தவிர, உண்மை சொல்பவரின் கழுத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியமும் இங்கே தடையாக இழுத்து வரப்படுகிறது. அந்த முத்திரை ஒப்புரவுக்கு மட்டும் உரியது. அன்பியக் கூட்டத்தில் ஒரு தாய் அழுதுகொண்டே சொன்னதும், மறைக்கல்வி வகுப்புக்குப் பிறகு ஒரு பிள்ளை உங்களிடம் முணுமுணுத்ததும் பாவசங்கீர்த்தனம் ஆகா. இத்தகைய வழக்குகளின் மீது இருந்த பாப்பிறை இரகசியத்தையே 2019 டிசம்பரில் திருத்தந்தை நீக்கிவிட்டார். ஒப்புரவுத் தொட்டி கம்பித் தட்டியோடு எல்லோரும் காணும் இடத்தில் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 964ஆம் விதி முன்பே சொல்கிறது. பிள்ளைகளுக்கு மூடிய அறையில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் வழக்கம் எங்காவது இருந்தால் அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு அந்த விதியே போதும்.

கடைசி மறுப்பு கனிவானது, ஆகையால் ஆபத்தானது. “பொண்ணு வாழ்க்கை பாழாயிடும்.” பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வாங்க வேண்டும். இயன்றவரை அவர் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணையின்போது அடையாளம் வெளிவராதபடி நீதிமன்றம் காக்க வேண்டும். அப்படியானால் பெயரைத் தெருவுக்குக் கொண்டுவருவது யார்? பங்கின் வாட்சாப் குழுக்கள்தான். மீன் சந்தையில் நடக்கும் பேச்சுதான். அவள் வாழ்க்கை பாழாகாமல் இருக்க நாம் செய்யக்கூடிய பேருதவி, அவளைப் பற்றிப் பேசாமல் இருப்பது. குற்றத்தைப் பற்றியோ பேசியே ஆக வேண்டும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியவற்றில் கடினமானது எதுவுமில்லை. வெட்கத்தை விட வேண்டும், அவ்வளவே. சிறாரோடு தொடர்ந்து பழகும் பணியாளர்களின் பின்னணியைக் காவல்துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்று 2020இன் போக்சோ விதிகள் சிறாருக்கான நிறுவனங்களைக் கேட்கின்றன. சம்பளம் வாங்காத தொண்டர், முப்பது ஆண்டு பழக்கமானவர் என்று யாருக்கும் இதில் விலக்குத் தராதீர்கள். பேரவைத் தலைவர்களே முதலில் விண்ணப்பித்துக் காட்டினால் மற்றவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். பிள்ளையோடு பெரியவர் எவரும் மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது. திருப்பொருட்கள் அறை, பங்கு இல்லம், பாட்டுப் பயிற்சி அறை மூன்றுக்கும் இது பொருந்தும். பாதயாத்திரையிலும் இரவுப் பேருந்திலும் சிறுமிகளோடு பெண் பொறுப்பாளர்கள் கட்டாயம் இருக்க வேண்டும், சிறுவர்கள் எங்கே, யாரோடு படுக்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பங்கு அலுவலகத்திலும் பள்ளியிலும் வேலை செய்யும் பெண்களுக்கு, 2013இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி யாரிடம் புகார் தரலாம் என்பது எழுத்தில் கிடைக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் திருமண ஓலைக்குப் பக்கத்தில் 1098 என்ற எண்ணும், அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் எண்ணும், உயர்மறைமாவட்டத்தில் புகார் பெறுபவரின் எண்ணும் இருக்கட்டும். இவற்றைவிட முக்கியமாக நான் கேட்பது ஓர் உறுதிமொழி. புகார் தரும் எந்தக் குடும்பத்துக்கும் பங்குக் கடிதம், பள்ளி இடம், கட்டணச் சலுகை, உதவிப் பொருள், ஓலை, கல்லறை இடம் எதுவும் மறுக்கப்படாது, தாமதமாகாது என்று பேரவை தீர்மானம் நிறைவேற்றி, பங்குத்தந்தையின் கையெழுத்தோடு ஞாயிறு திருப்பலியில் வாசிக்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் அந்தத் தாயின் தராசில் இது ஒன்றே எடையை மாற்றும்.

ராயபுரத்தின் புனித இராயப்பர் ஆலயம் ஆயர்கள் கட்டிக் கொடுத்ததன்று. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கடலில் மசூலாப் படகு ஓட்டிய தொழிலாளர்கள் தங்கள் உழைப்பில் ஒரு பங்கைப் போட்டு எழுப்பியது. நம் பகுதியின் பல கோவில்களுக்கும் இதே வரலாறுதான். கட்டியவர்களின் வாரிசுகளுக்கு அதற்குள் நடப்பதைக் கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைத் திருவிழாக் கணக்கில் மட்டும் பயன்படுத்தி வந்திருக்கிறோம். அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கொடியேற்றத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்னால் இந்தத் தீர்மானத்தை வையுங்கள். எதிர்ப்பவர் இருந்தால் அவர் பெயரோடு அவர் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். நாளை யாரோ ஒரு குடும்பம் காவல் நிலையத்திலிருந்து திரும்பி ஞாயிறன்று கோவிலுக்குள் வரும்போது, உங்கள் இருக்கையில் நகர்ந்து அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்களில் ஒருவன்